டார்ட்மூரைக் கத்தரிக்காமல் தாருங்கள்: நூலக ஆணைக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நூலக ஆணைக்குழுத் தலைவர்களுக்கும், மாவட்ட நூலக அலுவலர்களுக்கும், நூல் தேர்வுக் குழுவினருக்கும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பென்னாகரம் வட்டாரத்தில் மாலை வேளைகளில் கூடிப் படிக்கும் சிறிய வாசகர் வட்டம் ஒன்றின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' என்னும் துப்பறியும் நாவலை, ஒரு அத்தியாயமும் குறையாத தமிழ் வடிவில், நம் இரு மாவட்டங்களின் காட்டோரக் கிளை நூலகங்கள் எல்லாவற்றிலும், பெரியவர்கள் படிக்கும் அலமாரியில் வைக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். நூற்றாண்டு கடந்த ஒரு வெளிநாட்டுத் துப்பறியும் கதைக்காகத் திறந்த மடல் எழுத வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த நாவலை முழுவதுமாகப் படித்தபோது எங்கள் வட்டத்தினர் என்ன உணர்ந்தார்கள் என்பதைச் சொன்னால், கேட்பதன் காரணம் தெளிவாகும் என்று நம்புகிறேன்.

முதலில் எங்கள் கைக்குக் கிடைத்தது ஒரு கிளை நூலகத்தின் சிறுவர் பகுதியில் இருந்த சுருக்கப் பதிப்பு. அட்டையில் வாய் பிளந்த நாய். உள்ளே பெரிய எழுத்தில் கதை. சாபம் வருகிறது, கொலை வருகிறது, நாய் வருகிறது, துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் சுடுகிறார், கதை முடிகிறது. ஒரே மூச்சில் படித்துவிட்டு, இதற்குத்தானா உலகம் இத்தனை காலம் இவ்வளவு பேசியது என்று எங்களில் பலர் கேட்டார்கள். அப்போது எங்களோடு அமரும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், தம் வீட்டிலிருந்து மூலநூலைக் கொண்டுவந்து, வாரந்தோறும் ஒரு அத்தியாயமாக வரிவரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். பதினைந்து அத்தியாயங்களும் முடிந்தபோது, முன்பு படித்ததும் இப்போது கேட்டதும் ஒரே நாவலா என்ற ஐயம் எங்களுக்கு வந்துவிட்டது. சுருக்கியவர்கள் நாயை விட்டுவைத்து நிலத்தை எடுத்துவிட்டார்கள். அந்த நாவலின் உயிர் நிலத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அது எந்த நிலம் என்பதைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. கருங்கற் பாறைகளின் மேல் புல்லும் புதரும் போர்த்த, மரம் அரிதான, மழையும் மூடுபனியும் மிகுந்த இடம். 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு சுமார் 950 சதுர கிலோமீட்டர். நம் பக்கத்தில் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு சரணாலயம் சுமார் 686 சதுர கிலோமீட்டர். ஆக, அந்த நாவலின் பெரும்பகுதி நடக்கும் நிலத்தை விடப் பெரிய காட்டின் ஓரத்தில் நாம் குடியிருக்கிறோம். டாயில் 1901-இல் தம் நண்பரும் பத்திரிகையாளருமான பெர்ட்ராம் ஃப்ளெட்சர் ராபின்சனுடன் டார்ட்மூருக்குப் போய், பிரின்ஸ்டவுன் என்னும் சிறைச்சாலை ஊரில் தங்கி, அந்த மேட்டில் நடந்து திரிந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் 1902 ஏப்ரல் வரை நாவல் 'ஸ்ட்ராண்ட்' இதழில் தொடராக வந்தது; 1902-லேயே நூலாகவும் வெளிவந்தது. 1893-இல் வெளியான ஒரு சிறுகதையில் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றுவிட்ட ஆசிரியர், அந்த மரணத்துக்கு முன் நடந்ததாக இக்கதையை அமைத்துத் தம் வாசகர்களிடம் அவரைத் திரும்ப அழைத்து வந்தார். அப்படி வந்த ஹோம்ஸையும் நாவலின் நடுப்பகுதி முழுக்க மறைத்து வைத்துவிட்டார் என்பதுதான் வியப்பு. லண்டன் ரயில் நிலையத்தில் தம் நண்பர் வாட்சனை வழியனுப்பும் ஹோம்ஸ், பதினோராம் அத்தியாயத்தின் முடிவில்தான் மறுபடி நம் கண்ணில் படுகிறார். இடைப்பட்ட அத்தியாயங்களில் வாட்சன் தனியாக இருக்கிறார்; அவர் ஹோம்ஸுக்கு எழுதும் இரண்டு அறிக்கைகளும், நாட்குறிப்பிலிருந்து எடுத்த பக்கங்களும் கதையை நடத்துகின்றன.

எங்களுக்குக் கிடைத்த சுருக்கத்தில் இந்த அறிக்கைகளும் நாட்குறிப்பும் இல்லை. துப்பறிபவர் இல்லாத பக்கங்களில் கதை நகரவில்லை என்று சுருக்கியவர் எண்ணியிருக்கலாம். எங்கள் வட்டம் மூச்சுவிடாமல் கேட்டது அந்தப் பக்கங்களைத்தான்.

ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வாட்சன் முதன்முறையாக அந்த மேட்டில் நடந்துபோகிறார். பூச்சிவலையும் மாதிரிப் பெட்டியுமாக ஸ்டேபிள்டன் என்னும் இயற்கை ஆய்வாளர் பின்னாலிருந்து ஓடிவந்து அறிமுகம் செய்துகொள்கிறார். தூரத்தில் விரிந்த சமவெளியில் ஆங்காங்கே பளிச்சென்ற பச்சைத் திட்டுகள் தெரிகின்றன. மற்ற இடங்களை விட அவை வளமாக இருப்பதாக வாட்சனுக்குத் தோன்றுகிறது. குதிரையை விரட்டி ஓட்ட நல்ல இடம் என்றே நினைக்கிறார். ஸ்டேபிள்டன் சிரிக்கிறார். அதுதான் கிரிம்பென் என்னும் பெரும் புதைசேறு. ஓரடி தவறினால் மனிதனோ விலங்கோ மீள முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பச்சைக்குள் பழுப்பு நிறத்தில் ஏதோ புரள்கிறது; நீண்ட கழுத்து ஒன்று மேலே எழுந்து நெளிந்து துடிக்கிறது; ஓர் அலறல் மேடெங்கும் எதிரொலிக்கிறது; பிறகு ஒன்றுமில்லை. மேட்டில் மேயும் மட்டக் குதிரை ஒன்று சேற்றுக்குள் போய்விட்டது. ஸ்டேபிள்டன் அதைச் சாதாரணமாகப் பார்க்கிறார். வழி தெரிந்ததால் அந்தச் சேற்றின் நடுவரை தாம் போய்வர முடியும் என்றும் சொல்கிறார்.

எங்கள் ஆங்கில ஆசிரியர் இதைச் சொல்லி நிறுத்தியபோது, ஒகேனக்கல்லில் பல ஆண்டுகள் பரிசல் ஓட்டியவர் ஒருவர் எங்களிடையே இருந்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தண்ணி எங்க சும்மா கண்ணாடி மாதிரி நிக்குதோ, அங்கதான் அடியில இழுக்கும். வெளியூர்க்காரங்க அங்கதான் இறங்கிக் குளிக்கலாமான்னு கேப்பாங்க." பிறகு அவரே இன்னொன்றையும் சேர்த்தார். வழி தெரிந்தவன் ஒருவன் மட்டும் இருக்கும் இடத்தில், அவனை முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றார். அது ஏழாம் அத்தியாயம். குற்றவாளி யார் என்பதை ஹோம்ஸ் வாட்சனிடம் வெளிப்படுத்துவதற்கு இன்னும் ஐந்து அத்தியாயங்கள் இருந்தன. நிலத்தைத் தெரிந்துவைத்திருக்கும் ஒருவர் அந்த மர்மத்தை நிலத்தின் வழியாகவே அவிழ்க்க முடியும் என்ற அளவுக்கு, டாயில் துப்புகளை மண்ணிலேயே புதைத்து வைத்திருக்கிறார்.

இது ஒருமுறை மட்டும் நடந்த தற்செயல் அன்று. சர் சார்லஸ் பாஸ்கர்வில் தம் மாளிகையின் யூ மரச் சாலையில் இறந்து கிடக்கிறார். மேட்டுநிலத்தை நோக்கிய சிறு கதவருகே அவர் சிறிது நேரம் நின்றதற்குச் சுருட்டுச் சாம்பல் சாட்சி சொல்கிறது. அந்தக் கதவைக் கடந்த பிறகு அவருடைய காலடித் தடம் மாறிவிடுகிறது. நுனிக்காலால் நடந்ததைப் போலத் தெரிகிறது. விசாரணையில் அப்படித்தான் பதிவாகிறது. எங்கள் வட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம் ராகிக் காவலுக்குப் பரணில் படுக்கும் விவசாயி ஒருவர் உண்டு. "குதிகால் பதியலன்னா அந்த ஆள் ஓடியிருக்காரு" என்று அவர் உடனே சொன்னார். அடுத்த அத்தியாயத்தில் ஹோம்ஸும் அதைத்தான் சொல்கிறார்: அவர் நடக்கவில்லை, இதயம் வெடிக்கும்வரை உயிருக்காக ஓடினார் என்று. இரவில் ஒற்றை யானை வயலில் இறங்கிவிட்டதென்று தெரிந்து பரணிலிருந்து குதித்து ஓடியவருக்கு, அந்தத் தடத்தைப் படிக்க ஹோம்ஸ் தேவைப்படவில்லை.

காலணித் திருட்டும் அப்படியே. லண்டன் விடுதியில், சர் சார்லஸின் வாரிசான சர் ஹென்றியின் புதிய பழுப்புக் காலணி ஒன்று காணாமற்போய்ப் பிறகு கிடைத்துவிடுகிறது. அடுத்து, அணிந்து பழகிய பழைய கறுப்புக் காலணி ஒன்று போய்விடுகிறது. நகரத்து வாசகருக்கு இது வெறும் குழப்பம். நாய் வளர்த்தவருக்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் காட்டுக்குள் அடியெடுத்து வைக்க வேண்டும் என்று அறிந்தவருக்கும், புதுத் தோலில் மனித வாடை இல்லை என்பது சொல்லாமலே தெரியும். இந்த இடத்தில் எங்கள் வட்டத்துப் பெண்கள் இருவர் ஒரே நேரத்தில் "மோப்பத்துக்குத்தான்" என்றார்கள். சுருக்கப் பதிப்பில் ஒரே ஒரு காலணிதான் காணாமற்போகிறது. எது புதிது, எது பழையது என்ற வேறுபாட்டை எடுத்துவிட்ட பிறகு, அந்தத் துப்பு வாசகருக்கு எதையும் சொல்வதில்லை.

சர் ஹென்றிக்கு வரும் எச்சரிக்கைக் கடிதத்தையும் இங்கே நினைவூட்ட வேண்டும். உயிரின் மீதோ புத்தியின் மீதோ மதிப்பிருந்தால் மேட்டுநிலத்திலிருந்து விலகியிரு என்று சொல்லும் அக்கடிதத்தின் சொற்கள் எல்லாம் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து ஒட்டப்பட்டவை. மேட்டுநிலத்தைக் குறிக்கும் சொல் மட்டும் மையால் எழுதப்பட்டிருக்கிறது. நகரத்துச் செய்தித்தாளின் தலையங்கத்தில் அது கிடைக்கவில்லை.

அடுத்து நான் சொல்லப்போவதை மிகுந்த கவனத்துடன் சொல்கிறேன். நாவலில் சிறையிலிருந்து தப்பிய செல்டன் என்னும் கொலைக் குற்றவாளி மேட்டில் ஒளிந்திருக்கிறான். ரயிலிலிருந்து இறங்கும் வாட்சன் முதலில் காண்பது துப்பாக்கி ஏந்திய காவலர்களை. ஒவ்வொரு சாலையும் கண்காணிக்கப்படுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் அச்சம். இரவில் மாளிகைப் பணியாளர் பேரிமோர் சன்னலில் மெழுகுவத்தியைக் காட்டுகிறார். இருட்டுக்குள்ளிருந்து மற்றொரு வெளிச்சம் பதில் சொல்கிறது. ஒளிந்திருப்பவன் பேரிமோரின் மனைவிக்குத் தம்பி. அவன் செய்த கொடுமையை அவள் அறிவாள். ஆனாலும் பசியோடு வந்து நிற்பவனை அவளால் விரட்ட முடியவில்லை. பிறகு பேரிமோர் கொடுத்த சர் ஹென்றியின் பழைய உடையை அணிந்திருந்த காரணத்தால், வாடை பிடித்து வந்த நாயிடமிருந்து தப்பி ஓடிப் பாறையிலிருந்து விழுந்து அவன் சாகும்போது, அவனுக்காக அழ அவள் ஒருத்தி இருக்கிறாள். காட்டுக்குள் ஒருவர் ஒளிந்திருந்தால் காட்டோர ஊர்களின் வாழ்க்கை எப்படி ஆகும் என்பதை, வீரப்பன் காலத்து ஆண்டுகளில் நம் பகுதியினர் அனுபவித்து அறிந்திருக்கிறார்கள். 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அது முடிவுக்கு வந்தபோது, எங்கள் வட்டத்தின் இளையவர்கள் பிறந்திருக்கவே இல்லை. அந்த மெழுகுவத்திக் காட்சியைக் கேட்டபின் மூத்தவர்கள் வெகுநேரம் பேசினார்கள். சோதனைச் சாவடிகளைப் பற்றியும், இருட்டிய பின் கதவைத் தட்டும் ஓசையைப் பற்றியும், எந்தப் பக்கம் பேசினாலும் ஆபத்தாக இருந்த நாட்களைப் பற்றியும் பேசினார்கள். இளையவர்கள் அதையெல்லாம் முதன்முறையாகக் கேட்டார்கள். சுருக்கப் பதிப்பில் செல்டன் ஒரே பத்தியில் வந்து ஒரே பத்தியில் செத்துப்போகிறான். அவனுடைய அக்காள் இல்லவே இல்லை.

மேட்டுநிலத்தின் பழமையும் இந்த நாவலில் ஒரு பாத்திரம்தான். சரிவுகளில் வட்டவட்டமாக நிற்கும் கற்குடில்கள், வரலாற்றுக்கு முந்திய மனிதர்கள் வாழ்ந்து கைவிட்டவை. ஹோம்ஸ் யாருக்கும் தெரியாமல் தங்கியிருப்பது அப்படியொரு குடிலில்தான். ஒரு சிறுவன் கொண்டுவந்து கொடுக்கும் ரொட்டியும் தகர டப்பா உணவும் உண்டு, கல்லின் மேல் படுத்து, அங்கிருந்தே எல்லோரையும் கவனிக்கிறார். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் பாறைமேல் வரிசையாக நிற்கும் கற்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் தனி அனுபவமாக இருக்கும். நம்முடையவை ஈமச் சின்னங்கள், அவர்களுடையவை குடியிருப்புகள் என்ற வேறுபாடு உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் யாரோ தூக்கி நிறுத்திய பலகைக் கல்லின் அருகே மாலையில் நிற்கும்போது உண்டாகும் உணர்வை, வாட்சனின் முதல் அறிக்கை எங்கள் மனத்தில் இருப்பதைப் பார்த்து எழுதியது போலச் சொல்லியிருந்தது.

நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ்கர்வில் குடும்பத்தின் சாபக் கதை 1742 என்று தேதியிட்ட ஒரு கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. ஒரு பெண்ணைக் கடத்தி அடைத்துவைத்து, தப்பியோடிய அவளை வேட்டைநாய்களை ஏவித் துரத்திய ஹியூகோ என்னும் முன்னோனின் கழுத்தைப் பேய்நாய் ஒன்று கடித்துக் குதறியது என்பது கதை. அவர்களிடம் நாய் சாபமாக வந்தது. நம் பக்கத்திலோ அது கல்லில் நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், எருமைகளைக் காத்து இறந்த வீரனுடன், கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயும் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் புலியோடு போராடி இறந்தவர்களுக்கு எடுத்த கற்களை இன்றும் வயல்வரப்புகளில் காணலாம். இந்த மண்ணில் வளர்ந்தவர்கள் பாஸ்கர்வில் நாயின் கதையைக் கேட்டு அஞ்சியதை விட, அந்த நாய்க்காக இரங்கியதே அதிகம். கைவிடப்பட்ட தகரச் சுரங்கம் ஒன்றில், சேற்றின் நடுவே, சங்கிலியில் கட்டி வைத்து, இருளில் ஒளிர வேண்டும் என்பதற்காக முகத்தில் பாஸ்பரஸ் கலவையைப் பூசி, ஒரு மனிதனின் வாடையைக் காட்டி ஏவிவிடப்பட்ட விலங்கு அது. ஹோம்ஸ் ஐந்து குண்டுகளைப் பாய்ச்சும்போது கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள்: "அது என்னங்க ஐயா தப்பு செஞ்சுது?"

அந்தக் கேள்விக்குப் பிறகு அன்றைய பேச்சு நாவலை விட்டு மாரண்டஅள்ளிக்குப் போய்விட்டது. 2023 மார்ச்சில் அங்கே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்ததையும், தாயிழந்த இரண்டு குட்டிகள் அவற்றைச் சுற்றி நின்றதையும் எங்களில் எவரும் மறக்கவில்லை. பரணில் படுக்கும் விவசாயியும் அந்த மாணவியும் அன்று கடுமையாக வாதிட்டார்கள். ராகி கதிர் முற்றும் நேரத்தில் ஓர் இரவில் ஓராண்டு உழைப்பும் போய்விடும் வேதனையை அவர் சொன்னார். அவள் குட்டிகளைச் சொன்னாள். யாரும் யாரையும் வெல்லவில்லை. ஆனால் காட்டு விலங்கையும் அதன் பின்னால் இருக்கும் மனிதச் செயலையும் பிரித்துப் பார்த்துப் பேசுவதற்கு அந்த நாவல் எங்களுக்கு ஓர் இடம் கொடுத்தது. கூட்டம் போட்டு விழிப்புணர்வு உரை நிகழ்த்தினால் இருவரும் வந்திருக்கமாட்டார்கள்.

இந்த நாவலில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கடைசி அத்தியாயம் எங்களுக்கு நிறைவு தரவில்லை. லண்டனில் அடுப்பருகே உட்கார்ந்து ஹோம்ஸ் எல்லாவற்றையும் விளக்கும் அந்தப் பக்கங்களில் மேட்டுநிலத்தின் காற்று இல்லை. சொத்துக்காகக் கொலை செய்த ஸ்டேபிள்டன், மறைவாக வேறு பெயரில் அதே ஊரில் வாழ்ந்தது ஏன் என்று கேட்டால் எப்படிச் சொத்துக்கு உரிமை கோரியிருப்பான் என்பதற்கு ஹோம்ஸே உறுதியான விடை சொல்வதில்லை. பெரில் என்னும் பெண்ணுக்கு நேர்வதும் எங்களை வருத்தியது. கணவன் ஸ்டேபிள்டனாலேயே தங்கை என்று ஊருக்குக் காட்டப்பட்டு, எச்சரிக்கை செய்ய முயன்றதற்காகத் தூணில் கட்டப்பட்டு, உடலெல்லாம் தழும்புகளோடு மீட்கப்படும் அவளுக்கு, பேச இன்னும் சில பக்கங்கள் கொடுத்திருக்கலாம். மேட்டுநிலத்து உழவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் வதந்தியைப் பரப்புவதற்கு மட்டுமே கதைக்குள் வருகிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் அறிவு எங்கும் மதிக்கப்படவில்லை என்பதை எங்கள் வட்டத்தின் வனக்காப்பாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அது நியாயமான குற்றச்சாட்டு.

ஆனால் பதினான்காம் அத்தியாயத்துக்கு ஈடாக நான் படித்த துப்பறியும் கதைகளில் வேறொன்று இல்லை. ஹோம்ஸும் வாட்சனும் பாறைகளின் மறைவில் காத்திருக்கிறார்கள். புதைசேற்றின் மேலிருந்து மூடுபனி வெண்சுவராக எழுந்து, நிலவொளியில் மெல்ல மெல்ல ஸ்டேபிள்டனின் வீட்டை நோக்கி நகர்கிறது. எதற்கும் கலங்காத ஹோம்ஸ் அந்தப் பனியைக் கண்டு மட்டும் பதறுகிறார். அது பாதையை மூடிவிட்டால் சர் ஹென்றியைக் காப்பாற்ற முடியாது. தளிப் பக்கம் மார்கழி விடியலில் பத்தடி முன்னால் வரும் மாட்டுவண்டி கண்ணுக்குத் தெரியாமல், அதன் மணியோசை மட்டும் கேட்கும் பனியில் சாலையைக் கடந்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தை விளக்க வேண்டியதில்லை. முடிவில் ஸ்டேபிள்டன் அதே பனிக்குள் ஓடி மறைகிறான். வழியடையாளமாக அவன் நட்டுவைத்த குச்சிகள் பனியில் தெரிந்திருக்கமாட்டா. அவன் உடல் கிடைப்பதில்லை. சேற்றில் ஒரு தடமும் இல்லை. சர் ஹென்றியின் பழைய கறுப்புக் காலணி மட்டும் ஒரு புல்திட்டின்மேல் கிடக்கிறது. நிலத்தை அறிந்திருந்த செருக்கே அவனை நிலத்துக்குள் கொண்டுபோய்விட்டது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

டாயில் 1930-இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் என்னும் நம் நாட்டுச் சட்டப்படி அவருடைய எழுத்துகளின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே முழுமையான மொழிபெயர்ப்பை வாங்குவதற்கோ, தேவைப்பட்டால் புதிதாகச் செய்விப்பதற்கோ உரிமைத்தொகைத் தடை எதுவும் இல்லை. நூல் தேர்வின்போது பதினைந்து அத்தியாயங்களும், வாட்சனின் இரு அறிக்கைகளும், நாட்குறிப்புப் பகுதியும் இருக்கின்றனவா என்று மட்டும் சரிபார்த்தால் போதும். சுருக்கப் பதிப்புகள் சிறுவர் பகுதியில் இருப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. அவற்றின் அட்டையில் 'சுருக்கம்' என்று தெளிவாக எழுதி ஒட்டினால், படித்தவர் முழுநூலைத் தேடி வருவார். பென்னாகரம், பாலக்கோடு, மாரண்டஅள்ளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி ஆகிய இடங்களின் கிளை நூலகங்களுக்கு முன்னுரிமை தாருங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் மிகுதி. அங்கே ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கும் வகையில் வாராந்தர வாசிப்பை நூலகத்திலேயே நடத்த அனுமதித்தால், படிக்கத் தயங்குபவர்களும் வருவார்கள். எங்கள் அனுபவத்தில், காதால் கேட்கும்போதுதான் அந்தப் புதைசேற்றின் முனகலுக்கு உயிர் வந்தது.

வீட்டு வரியோடு நாங்கள் செலுத்தும் நூலக வரியும், 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டமும், எந்த நூல் தேவை என்று கேட்கும் உரிமையை எங்களுக்குத் தந்திருக்கின்றன என்று கருதுகிறோம். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று விதி வகுத்த சீர்காழி ரங்கநாதனின் வழிவந்த துறை உங்களுடையது. இந்த நூலுக்குரிய வாசகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

வாராந்தர வாசிப்பை நடத்த ஒப்புதல் கிடைத்தால், மூலத்திலிருந்து தமிழில் சொல்லவும், கிடைக்கும் மொழிபெயர்ப்புகளை அத்தியாயம் அத்தியாயமாக மூலத்தோடு ஒப்பிட்டு உங்கள் தேர்வுக் குழுவுக்கு அறிக்கை தரவும் எங்கள் வட்டத்தினர் ஊதியமின்றி முன்வருகிறார்கள். அடுத்த நூல் கொள்முதலுக்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டார வாசகர்கள் சார்பில்,
ஒரு நூலக உறுப்பினர்